மீராஸும் வஸிய்யத்தும்: ஆலோசனை சொல்பவரின் தகுதி என்ன?



தொழுகையில் ஐயம் எழுந்தால் ஆலிமிடம் கேட்கிறோம். உடலுக்கு நோய் வந்தால் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். ஆனால் வாழ்நாள் முழுவதும் ஈட்டிய சொத்து யாருக்கு, எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை மட்டும், உறவில் செல்வாக்குள்ள ஒருவரிடமோ பத்திரம் எழுதுபவரிடமோ ஒப்படைத்துவிடுகிறோம். அவர் இதற்குத் தகுதி பெற்றவர்தாமா என்று நாம் கேட்பதே இல்லை.

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொத்து என்பது கரும்போ நெல்லோ மரவள்ளியோ விளையும் நிலம், ஒரு வீடு, ஒரு கடை. தந்தை மவ்த்தான சில மாதங்களில் ‘விடுதலைப் பத்திரம்’ தயாராகிறது, பெண்மக்கள் கையொப்பமிடுகிறார்கள். தம் பங்கு எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. எட்டு ஏக்கர் விட்டுச் சென்றவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றால், கடனும் வஸிய்யத்தும் போக, மனைவிக்கு எட்டில் ஒன்றான ஓர் ஏக்கர்; எஞ்சிய ஏழில் மகனுக்கு மூன்றரை, மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றேமுக்கால். இறந்தவரின் தாய் உயிருடன் இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று சென்று கணக்கே மாறும். தன் பங்கை அறிந்து மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. அறியாமலே இழப்பது வேறு. பின்னதை வாங்கி உண்பவர் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வார்?

“ஊர் நிலத்துக்கு ஷரீஅத் கணக்கு செல்லாது” என்று சிலர் சொல்வதுண்டு. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு அளித்திருந்தது உண்மையே. ஆனால் சென்னை மாகாணம் 1949-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இதை அறியாதவர் சொல்லும் ஆலோசனையால் எத்தனை சகோதரிகள் தம் உரிமையைக் கேட்காமலே இருந்திருப்பார்கள்!

வஸிய்யத்திலும் இதே நிலைதான். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தி, அதுவும் அதிகம் என்றார்கள். தந்தைக்கு முன்பே மகன் மவ்த்தாகிவிட, அவனுடைய பிள்ளைகள் யதீம்களாக நிற்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். இன்னொரு மகன் உயிருடன் இருந்தால் அந்தப் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் மீராஸில் பங்கு இல்லை. எகிப்து 1946-இலும் பாகிஸ்தான் 1961-இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. ஆனால் பாட்டனார் உயிருடன் இருக்கும்போதே அந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் செய்ய வழி திறந்தே இருக்கிறது. தகுதியுள்ள ஆலோசகர் ஒருவர் அருகில் இருந்தால் இதை அவருக்கு நினைவூட்டியிருப்பார்.

ஹிபா செய்பவர் பொருளை ஒப்படைக்காமல் வாயால் மட்டும் சொல்லி வைத்தால் அது நிறைவேறாது. 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின், எழுதப்பட்ட வக்ஃபு பத்திரம் இல்லாமல் புதிய வக்ஃபு ஏற்பட முடியாது. இவற்றையெல்லாம் முழுமையாக அறிந்தவர் யார்? மத்ரஸாவில் ‘ஸிராஜி’ ஓதிய ஆலிமுக்கு அஸபாவும் ஹஜ்பும் தெரியும். பட்டாவும் வில்லங்கச் சான்றும் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். வழக்கறிஞருக்குப் பின்னது தெரியும். முன்னது தெரியாமல் இருக்கலாம். இவ்விரு அறிவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் நம் குடும்பங்கள் விழுகின்றன.

பிற நாடுகளில் இதைத் தனித் துறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். சொத்துத் திட்டமிடல் ஆலோசகர்களுக்காக 1991-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ‘ஸ்டெப்’ அமைப்பு பாடம் நடத்தித் தகுதி வழங்குகிறது. அமெரிக்காவில் அறக்கொடை ஆலோசகர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் உண்டு. பஹ்ரைனிலுள்ள ‘அயோஃபி’ ஷரீஅத் ஆலோசகர்களுக்குத் தேர்வு வைக்கிறது. இது நமக்குப் புதிதன்று. ஃபராயிளைப் பற்றிக் கேட்க விரும்புவோர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் செல்லட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன் அறிவித்ததாக வரலாறு உண்டு. இன்னாரிடம் இந்தக் கல்வி இருக்கிறது என்று பொறுப்பில் இருப்பவர் ஊரறியச் சொல்வதே சான்றிதழின் உயிர். அதே உமர் (ரலி) அவர்கள் கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று தாமே முடிவெடுக்காமல் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அந்த ஆலோசனையிலிருந்தே அவர்களுடைய வக்ஃபு பிறந்தது.

எனவே நாம் வேண்டுவது இதுதான். நம் பெரிய மத்ரஸாக்களும் முஸ்லிம் வழக்கறிஞர்களும் இணைந்து ஓராண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுக்கட்டும். மீராஸ், வஸிய்யத், ஹிபா, வக்ஃபு ஆகியவற்றோடு பதிவுச் சட்டமும் வருவாய்த்துறை ஆவணங்களும் அதில் இடம்பெறட்டும். தேறியவர்களின் பெயர்களை ஜமாஅத்துகள் பள்ளிவாசலில் அறிவிக்கட்டும். அவர்களில் ஆலிமாக்களும் இருக்க வேண்டும். தன் பங்கைப் பற்றி ஆண்களிடம் கேட்கத் தயங்கும் சகோதரி அவர்களிடம் கேட்பாள். ஆலோசகர் சொத்து மதிப்பில் சதவீதம் வாங்கக் கூடாது. அந்தச் சொத்தில் அவருக்கு எந்த நலனும் இருக்கக் கூடாது.

“பட்டம் இருந்தால் மட்டும் நேர்மை வந்துவிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வராது. தக்வாவுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் அமானிதத்தைக் காக்க நல்ல உள்ளத்தோடு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேலும், பட்டம் பெற்றவர் தவறு செய்தால் அவரைக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கும். இன்று அந்த இடமும் இல்லை.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் ஆலோசகரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வாரிசுகள் அனைவரின் பங்கையும் காகிதத்தில் எழுதித் தருவீர்களா? பெண்மக்கள் கையொப்பமிடும் முன் அதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவீர்களா? தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, அறிந்தவரிடம் அனுப்புவீர்களா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்பவரிடம் மட்டும் பத்திரத்தைக் கொடுங்கள்.

ஸூரா அந்நிஸாவில் பங்குகளை வகுத்த பின், அவை தான் விதித்த எல்லைகள் என்கிறான் அல்லாஹ். அந்த எல்லைகளை அறிந்து பேணி நடக்கும் நல்லடியார்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.