யூனியில் ராப் பாட்டு

"பிள்ளையை யூனிக்கு அனுப்பினது ராப் பாட்டுக் கேக்கவோ?" வென்ற்வேர்த்வில் கல்யாண வீடொன்றில் ஒரு தகப்பன் என்னை மறித்துக் கேட்டார். நான் சிட்னியில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் படிப்பிக்கிறவன். அவருடைய மகளும் என் வகுப்பில். சாப்பாட்டு வரிசையில் நின்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

நான் வகுப்பில் எடுப்பது ஏ.பி. ஒரிஜினல் குழுவை. அதில் இருவர்: பிரிக்ஸ், ட்ரயல்ஸ். இருவருமே பூர்வகுடிகள். குழுவின் பெயரை வாய்விட்டு வாசித்தாலே சிலேடை விளங்கும். 2016இல் வந்த அவர்களின் இசைத்தொகுப்புக்குப் பெயர் 'ரிக்ளெய்ம் அவுஸ்திரேலியா'. இஸ்லாத்தை எதிர்த்து 2015இல் இங்கே தெருவில் இறங்கிய கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. நாட்டை மீட்கப்போகிறோம் என்று நின்றவர்களிடமிருந்து, நாட்டைப் பறிகொடுத்தவர்கள் அந்தச் சொல்லைப் பறித்தார்கள். எதிராளியின் சொல்லாலேயே அவனை மடக்குவதைப் பாடப்புத்தகம் வைத்து வாரக்கணக்கில் விளக்கியிருக்கிறேன். இதில் பத்து நிமிடம் போதும். காளமேகத்தை மெச்சுகிற நாங்கள் இதற்கு மட்டும் முகம் சுளிப்பானேன்?

அந்தத் தொகுப்பில் 'ஜனவரி 26' என்றொரு பாட்டு. 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் கொடியேற்றிய நாள் இங்கே தேசிய தினம். அது கொண்டாட்டத்துக்குரியதல்ல என்பது பாட்டின் வாதம். கேட்டு முடிந்ததும், கொண்டாட வேண்டும் என்பவரின் ஆகச் சிறந்த வாதத்தை முதலில் எழுதச் சொல்வேன். பிறகுதான் மறுப்பு. ராப் பாடுகிறவர் ஆதாரம் காட்டத் தேவையில்லை, என் மாணவர் காட்டியே ஆகவேண்டும். பாடமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கெட்ட வார்த்தைகளும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். (எங்கள் தனிப்பாடல் திரட்டைப் புரட்டியவர்கள் அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.)

அந்த மகள் எடுத்தது 'எஞ்சாயி எஞ்சாமி'. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பாட்டுக்கு ஆதாரம் தேடப்போன பிள்ளை 1948 குடியுரிமைச் சட்டத்தில் போய் நின்றாள். அங்கிருந்து 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்த கணக்கு. தமிழ்ப் பாடசாலையில் பத்து வருடம் படித்தவள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டில் கேட்டாளாம். "அது மலைநாட்டாக்களின்ரை விசயம்" என்றாராம் தகப்பன்.

அவருக்குக் கோபம் ராப் மேலா, இந்தக் கேள்வி மேலா? அன்றிரவு டிஜே அதே பாட்டைப் போட்டபோது ஆட எழுந்த முதல் ஆள் அவர்தான்.