'கேட்' என்றால் படலை மட்டும்தானா?



உங்கள் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியை ஒருமுறை திறந்து பாருங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரேயொரு தமிழ்க் கருத்து. 'டோர்' என்றால் கதவு, 'கேட்' என்றால் படலை. இருபது சொல்லைப் பாடமாக்கி ஒப்புவித்தால் அன்றைய வேலை முடிந்தது.

இந்த முறையை நாம் கைவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தக் 'கேட்' என்ற சின்னச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

மழைக்காலத்தில் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாகச் செய்தியில் சொல்கிறார்களே, அந்தக் கதவு ஆங்கிலத்தில் 'டோர்' அல்ல, 'கேட்'. கிரிக்கெட் வர்ணனையில் 'த்ரூ த கேட்' என்றால், பந்து மட்டைக்கும் பேடுக்கும் இடையால் புகுந்து விக்கெட்டை வீழ்த்திவிட்டது. மைதானத்தில் படலையைத் தேடினால் கிடைக்காது.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்கு 'லொஜிக் கேட்' வருகிறது. தமிழில் 'தர்க்கப் படலை' என்று படிக்கிறோம். 'அன்ட்' படலையில் இரண்டு உள்ளீடும் 1 ஆக இருந்தால்தான் வெளியீடு 1. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறப்பேன் என்று நிற்கும் காவலாளி மாதிரி. 'ஓர்' படலைக்கு ஒருவர் வந்தாலே போதும். போக விடுவதும் தடுப்பதும்தான் படலையின் தொழில் என்று விளங்கிய பிள்ளைக்கு இந்தப் பாடம் பாரமில்லை.

செய்திகளில் வேறொரு 'கேட்' உண்டு. 1972இல் வொஷிங்டனில் 'வோட்டர்கேட்' என்ற கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் களவாகப் புகுந்து பிடிபட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1974இல் ஜனாதிபதி நிக்சன் பதவி விலகினார். அன்றிலிருந்து எந்த ஊழலுக்கும் 'கேட்' என்று வால் ஒட்டுகிறார்கள். கொவிட் முடக்க காலத்தில் பிரித்தானிய அரசாங்கத்தினர் நடத்திய விருந்துகளின் விவகாரம் 'பார்ட்டிகேட்' ஆனது அப்படித்தான்.

இங்கிலாந்தின் யோர்க் நகரில் இன்னும் வேடிக்கை. அங்கே 'ஸ்டோன்கேட்' என்பது ஒரு தெருவின் பெயர். வீதியைக் குறிக்கும் பழைய ஸ்கண்டிநேவியச் சொல் அங்கே 'கேட்' என்று நிலைத்துவிட்டது. நகர மதிலின் வாசல்களுக்கோ 'பார்' என்று பெயர்.

ஒரு சொல் பல இடத்தில் பல வேலை செய்வது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்கு 'பாப்' என்றால் வாசலும்தான், கிதாபின் ஒரு பாடமும்தான். அரபியில் ஏற்றுக்கொள்ளும் பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? நாம் கிழித்த அந்தக் கோடுதான் காரணம்.

இதில் பரீட்சைப் புள்ளி மட்டும் போவதில்லை. நம் ஊர்களிலிருந்து எத்தனை பேர் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள்! விமான நிலையத் திரையில் 'கேட் குளோஸ்ட்' என்று விழுந்தால், கதவு சாத்தியிருக்கிறது, தட்டினால் திறப்பார்கள் என்று அர்த்தமில்லை. பயணிகளை ஏற்றும் வேலை முடிந்துவிட்டது. விமானம் கண்ணெதிரே நின்றாலும் இனி ஏற முடியாது. டிக்கெட் காசும் போகும், சிலவேளை தொழிலும் போகும்.

"பாடவேளை குறுகியது, இதற்கெல்லாம் நேரமேது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். அதற்காகவே சொல்கிறேன்: இருபது சொல் வேண்டாம், ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வசனம், மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து. வீட்டில் பெற்றோரும் "இதற்குக் கருத்து என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "இந்தச் சொல்லை எங்கே கண்டாய் மகன், எங்கே கேட்டாய் மகள்?" என்றும் கேளுங்கள்.

கொப்பியில் அந்த நடுக்கோட்டை நாளைக்கே நிறுத்திப் பாருங்களேன்.