தோற்ற தீர்ப்பு ஜெயித்தது!

வழக்கில் தோற்றவர் முதலில் கேட்கும் கேள்வி, "ஏன்?" என்பதுதான்.

அதற்குப் பதில் தீர்ப்பில் இருக்கவேண்டும். சிவில் வழக்கில் அப்பீல் கோர்ட்டு, தன் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தரவேண்டும் என்பது சட்டம்.

பல நீதிபதிகள் சேர்ந்து விசாரிக்கும்போது, ஒருவருக்கு மட்டும் வேறு கருத்து இருக்கலாம். அவர் தனித் தீர்ப்பு எழுதலாம். ஆனால் பெரும்பான்மையோர் சொன்னதே செல்லும். பிறகு எதற்காக எழுதுவது?

நெருக்கடி நிலை

1975 ஜூன் 25-ந் தேதி இந்தியாவில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. விசாரணை இன்றிப் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். "எங்களை விடுவியுங்கள்" என்று அவர்கள் ஐகோர்ட்டுகளில் மனு செய்தார்கள். 9 ஐகோர்ட்டுகள், "இந்த மனுக்களை விசாரிக்கலாம்" என்றன. அரசாங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தது.

5 நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் எச்.ஆர். கன்னா. அவர் அரசாங்க வக்கீலிடம் ஒரு கேள்வி போட்டார்.

சொந்தப் பகை காரணமாக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால், அப்போதும் கோர்ட்டுக்கு வரமுடியாதா?

நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்று பதில் வந்தது! கேட்டவர்கள் திடுக்கிடவேண்டிய பதில்தான்.

1976 ஏப்ரல் 28-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. 4 நீதிபதிகள் அரசாங்கத்தின் பக்கம். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடையாது என்பது அவர் வாதம்.

பதவி போயிற்று

1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி காலியாயிற்று. முறைப்படி கன்னாவுக்கு வரவேண்டியது. அவருக்கு இளையவரான எம்.எச். பெக்குக்குக் கொடுக்கப்பட்டது. கன்னா ராஜினாமா செய்தார்.

அவர் எழுதியதோ சட்டப் புத்தகங்களில் அப்படியே இருந்தது. வாயால் சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். வக்கீல்களும் மாணவர்களும் அதை எடுத்து எடுத்துப் படித்தார்கள். நால்வர் சொன்ன காரணத்தையும், ஒருவர் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

மகன் எழுதிய தீர்ப்பு

2017 ஆகஸ்டு 24-ந் தேதி, 9 நீதிபதிகள் வேறொரு வழக்கில் தீர்ப்புக் கூறினார்கள். அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமையா என்பது அந்த வழக்கு. 1976-ம் ஆண்டுத் தீர்ப்பு அப்போது ரத்தாயிற்று.

அந்தத் தீர்ப்பு தவறு, கன்னா எழுதியதே சரி என்று எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட். 1976-ல் அரசாங்கத்தின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர், அவருடைய தகப்பனார் ஒய்.வி. சந்திரசூட்!

அதைப் பார்க்கக் கன்னா உயிரோடு இல்லை. 2008-ல் காலமாகிவிட்டார்.