நேற்று சோறு எந்த அடுப்பில் ஆக்கினீர்கள்?

தம்பிலுவிலில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்று. ஆறாம் மாதக் கர்ப்பிணியைப் பார்க்க மருத்துவமாது வந்திருக்கிறார். இரத்த அழுத்தம், கால் வீக்கம், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் கேட்டு முடிந்தது. எழும்பும்போது ஒரு கேள்வி: "கேஸ் இருக்கா தங்கச்சி?" "ஓம் மிஸ்." பதிலில் பொய் இல்லை. நீல நிறச் சிலிண்டர் குசினி மூலையில் இருக்கத்தான் செய்கிறது. அதன் மேல் ஒரு துணி, துணியின் மேல் சுளகு. இரண்டு எட்டு தள்ளி, மூன்று கல் அடுப்பில் தென்னம்பாளை எரிகிறது. பக்கத்தில் பன்னாடையும் சிரட்டையும் குவிந்து கிடக்கின்றன. கூரைச் சிலாகைகள் கரியேறி மினுங்குகின்றன. விருந்தாளி வந்தால் அவசரத்துக்குத் தேத்தண்ணி வைக்க மட்டும் சுளகு இறங்கும்.

மருத்துவமாதின் மனதில் இந்த வீடு கேஸ் உள்ள வீடு. வயிற்றுப் பிள்ளைக்கோ அது விறகு வீடு.

சுகாதாரத் துறையில் களத்தில் நிற்பவர்கள் இந்தக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே இந்த ஆசிரியர் உரையின் வேண்டுகோள். "நேத்து சோறு எந்த அடுப்புல ஆக்கின நீங்க?" வீட்டில் என்ன இருக்கிறது என்பதை விட, நேற்று எது எரிந்தது என்பதுதான் நுரையீரலுக்கு முக்கியம்.

சுளகு சிலிண்டரின் மேல் ஏறிய கதையை நாடே அறியும். 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும் வரை 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவுக்கு விற்றது. அந்த மாதமே 2,675 ரூபாவானது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. ஏழு மாதத்துக்குள் மூன்று மடங்கைத் தாண்டிய விலை அது. இடையில் 2021 கடைசியில் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வர, வாங்க வசதி இருந்தவர்களும் பயந்து ஒதுங்கினார்கள். மண்ணெண்ணெய்க்குத் திரும்பலாம் என்றால், 2022 ஓகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. திருக்கோவில் கடலுக்குப் போகும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளையும் அந்த விலை கரையில் நிறுத்தியது. மின்சார அடுப்பு? அதே ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்சாரமே இல்லை.

இவை எல்லாம் பொருளாதாரச் செய்திகளாகவே வாசிக்கப்பட்டன. இவை சுகாதாரச் செய்திகளும்தான். ஒரு சிலிண்டரின் விலை ஏறும் நாளில் ஆயிரக்கணக்கான குசினிகளில் புகை ஏறுகிறது. அந்தப் புகையின் கணக்கு சில வாரங்களில் வெளிநோயாளர் பிரிவுக்கு முட்டு என்றும் விடாத இருமல் என்றும் வரத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாகவும் இருதய நோயாகவும் வருகிறது.

2022-க்கு முன் நம் குசினிகள் தூய்மையாக இருந்தன என்று யாரும் எண்ண வேண்டாம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகிலேயே சமைத்தன. தூய அடுப்பை நோக்கி மெல்ல மெல்ல ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பொருளாதார நெருக்கடி கீழே இழுத்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2020-இல் வீட்டுப் புகையால் மாண்டவர்கள் 32 இலட்சம் பேர். அவர்களில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 2,37,000-க்கும் மேல். அந்நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டலின்படி நுண்துகள் (பி.எம். 2.5) ஆண்டுச் சராசரியில் கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 2008-இல் இலங்கை வர்த்தமானியில் வெளியிட்ட தரம் 25. காற்றோட்டமில்லாத விறகுக் குசினியில், சமைக்கும் நேரத்தில் இது பல நூறைத் தொடும். வாழ்நாளில் ஒரு சிகரெட்டோ பீடியோ பிடிக்காத அறுபது வயது அம்மா ஒருவர் மூச்சுக்குத் திணறி வந்தால், "புகைப்பழக்கம்: இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது நம்மில் பலரின் வழக்கம். நாற்பது வருடம் ஊதுகுழலால் அடுப்பூதியவரிடம் அந்த வரி பொருந்தாது.

கேஸ் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கும் நமக்கு உரிமை இல்லை. இந்த இடத்தில் நேர்மையாக இருப்பது அவசியம். தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் 'ஹாபின்' ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாத எரிவாயுவும் இலவசம். விறகிலேயே சமைத்த மற்றப் பாதியினர் சுவாசித்த நுண்துகள் இடைநிலை அளவில் ஏறத்தாழ 70 மைக்ரோகிராமாக இருக்க, இவர்களுக்கு அது 24 ஆக இருந்தது. ஆனாலும் பிறப்பு எடையிலும், 2024-இல் வெளியான முடிவுகளில் கைக்குழந்தைகளின் கடும் நிமோனியாவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குவாத்தமாலாவில் புகைக்கூடுள்ள அடுப்பை வைத்து முன்னர் நடந்த ஆய்வில் நிமோனியா மொத்தத்தில் தெளிவாகக் குறையவில்லை என்றாலும், கடும் நிமோனியா குறைந்த அறிகுறிகள் தெரிந்தன.

இந்த முடிவுகளைக் கண்டு கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கர்ப்பத்தின் இடையில் அடுப்பை மாற்றுவது பிந்தியதாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் புகை வேலியைத் தாண்டி வரலாம். 24 என்பதே 5-இலிருந்து வெகு தூரம். ஒரு வீட்டின் அடுப்பை மாற்றினால் அந்த வீட்டின் காற்று ஓரளவுதான் மாறும், ஊரே மாற வேண்டியிருக்கிறது என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடமாகத் தெரிகிறது. ஊரை மாற்றுவது மருத்துவமாதின் கையில் இல்லை. விலை நிர்ணயிப்பவர்களின் கையில் இருக்கிறது.

அப்படி மாற்றிய முன்னுதாரணங்கள் இந்த நாட்டில் உண்டு. 2002-இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008-இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்டது. கிழக்கு மாகாணத்தில், சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தது. 2016-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, இன்று அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் நடக்கிறது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரியோடு வாழும் புத்தளத்து மக்களைக் கேட்டால், சம்பூர் எதிலிருந்து தப்பியது என்று சொல்வார்கள்.

கடல் காற்று வீசும் ஊர் என்பதால் நமக்குக் கவலையில்லை என்ற நினைப்பையும் விட வேண்டும். 2022 டிசம்பரில் வங்கக்கடலில் 'மண்டூஸ்' புயல் உருவானபோது வட இந்தியப் பக்கத்துப் புகை இலங்கையை மூடியது. டிசம்பர் 9 அன்று பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தொலைவிலிருந்து வந்த புகைக்குப் பாடசாலையை மூடினோம். பெரும்போக அறுவடை முடிந்ததும் அம்பாறை வயல்களில் வைக்கோலுக்கு வைக்கும் தீக்கும், ஷொப்பிங் பேக்கைக் கொளுத்தி அடுப்பு மூட்டும் பழக்கத்துக்கும் நாம் எந்த அறிவித்தலும் விடுவதில்லை.

களத்தில் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. ஈர விறகு புகையும், காய்ந்தது எரியும்; மாரிக்கு முன் விறகை நனையாமல் அடுக்கச் சொல்வது ஒரு மருத்துவ ஆலோசனைதான். மூன்று கல்லை விட அனகி மண் அடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும்; ஆனால் யன்னலும் புகைக்கூடும் இல்லாவிட்டால் மிச்சப் புகையும் உள்ளேதான் சுற்றும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்க வேண்டாம் என்று சொல்லும்போது, பிள்ளையை யார் வைத்திருப்பது என்பதையும் அந்த வீட்டு மூத்தவர்களோடு பேச வேண்டும். குளிப்பாட்டிய பச்சைப் பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் பற்றியும் பேச வேண்டும். அதட்டாமல் பேச வேண்டும். பிள்ளைக்குச் சளி பிடிக்கக்கூடாது என்ற அன்பில்தான் அம்மம்மா அதைச் செய்கிறார்.

அடுத்தது பதிவு. தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் 'தங்கச்சி' என்றும், கல்முனையிலும் மருதமுனையிலும் 'ராத்தா' என்றும் அழைத்து நம்மவர்கள் படியேறும் வீடுகள் ஏராளம். வேறெந்த அரச உத்தியோகத்தரும் குசினி வரை போவதில்லை. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் கீழுள்ள ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும், கர்ப்பிணியின் பதிவின் ஓரத்தில் ஒரேயொரு சொல் எழுதினால் போதும்: விறகு, கேஸ், மின்சாரம், மண்ணெண்ணெய். ஒரு வருடத்தில் இந்தக் கரையோரத்தின் அடுப்பு வரைபடம் கையில் இருக்கும்.

அந்த வரைபடத்தைக் கொண்டுபோக ஓர் இடமும் உண்டு. மின்கட்டணத்தை மாற்றும் முன் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் எழுத்து மூலமும் நேரிலும் கருத்துக் கேட்கிறது. தொழிற்சாலைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் தங்கள் கணக்கோடு அங்கே போகிறார்கள். அடுத்த அமர்வுக்கு மருத்துவமாதுகளின் கணக்கோடு ஒரு சுகாதார வைத்திய அதிகாரியும் போய், குறைந்த பாவனையாளரின் கட்டணம் ஏறினால் எத்தனை குசினிகள் விறகுக்குத் திரும்பும் என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும்.