எடை பார்த்து வாங்குங்கள் கேமராவை

மலைக்குப் போகிறவர் கேமரா கடையில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: லென்ஸோடு சேர்த்து எத்தனை கிராம்? ஆனால் பேச்சு எப்போதும் மெகாபிக்சலில் தொடங்கி சென்சார் அளவில் போய் நிற்கிறது. எடையைப் பற்றி வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. ஏசி அறையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது இரண்டு கிலோ ஒரு பொருட்டாகவே தெரியாது. வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலையைத் தாண்டும்போது அதே இரண்டு கிலோ கழுத்தை அறுக்கும். கேமரா பைக்குள் போகும். உள்ளே போனது உச்சி வரை வெளியே வராது.

கனமான கேமரா நல்ல படம் எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மலையில் மேகம் விலகி வெயில் விழுவது சில நொடிகள்தான். பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, மூடியைக் கழற்றுவதற்குள் பள்ளத்தாக்கு மறுபடி மூடிக்கொள்ளும். அந்த நொடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதுதான் மலைக்கான கேமரா.

இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாட்சி ஒருவர் இருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூரில் பல்லாண்டுகள் அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், அன்று தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டு, இங்கேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் அழைத்தது. ஜூன் 4ஆம் தேதி அவரும் எட்வர்ட் நார்ட்டனும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே 8,500 மீட்டர் உயரத்தை எட்டினார்கள். தொண்டைப் புண்ணால் மூச்சு விட முடியாமல் சாமர்வெல் அங்கேயே நின்றுவிட்டார். நார்ட்டன் தனியாக 8,572 மீட்டர் வரை போய்த் திரும்பினார். மூச்சுத் திணறிய அந்த நிலையிலும், சரிவில் நார்ட்டன் நிற்பதை சாமர்வெல் படம் எடுத்திருக்கிறார். அந்தப் படம் இன்றும் மலையேற்றப் புத்தகங்களில் அச்சாகிறது.

அவரிடம் இருந்தது கோடக் நிறுவனம் 1912இல் கொண்டுவந்த ‘வெஸ்ட் பாக்கெட்’ கேமரா. மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். ஒரு ரோலுக்கு எட்டுப் படம். அதே பயணத்தில் ஜான் நோயல் பெரிய சினிமா கேமராவும் நீண்ட லென்ஸுமாக வந்திருந்தார். அருமையான படங்களை எடுத்தார், ஆனால் உச்சிக்கு வெகு கீழேயிருந்து. சில நாளில் ஜார்ஜ் மல்லோரி கடைசியாக ஏறப் புறப்பட்டபோது சாமர்வெல் தன் சின்னக் கேமராவை அவரிடம் கொடுத்து அனுப்பினார். ஜூன் 8ஆம் தேதிக்குப் பிறகு மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் திரும்பவில்லை. 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தபோதும் அந்தக் கேமரா கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கலாம் என்று இன்றும் தேடுகிறார்கள்.

சிறிய கேமராவின் வரலாறே மூச்சிரைப்பில் தொடங்கியதுதான். ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர். காடு மேடெல்லாம் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து படம் எடுக்க அவரால் முடியவில்லை. சினிமா பிலிமில் ஓடும் கைக்கடக்கமான பெட்டி ஒன்றைச் செய்தார். 1925இல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அதன் வழித்தோன்றல்தான்.

இன்றைய கணக்குக்கு வருவோம். நிக்கான் டி850 கேமரா பேட்டரியோடு 1,005 கிராம். அதற்கு வழக்கமாகப் போடும் 24-70 லென்ஸ் 1,070 கிராம். ஒலிம்பஸ் வழிவந்த ஓஎம்-5 கேமரா 414 கிராம், அதன் 12-45 லென்ஸ் 254 கிராம், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 40-150 லென்ஸ் 190 கிராம். மூன்றையும் சேர்த்தாலும் 858 கிராம்தான். அதாவது, நிக்கானின் உடல் எடை கூட இல்லை. சோனி, ஃபியூஜி, கேனான் ஆகியவற்றிலும் 350 முதல் 500 கிராமுக்குள் மிரர்லெஸ் கேமராக்கள் உண்டு. ஆனால் குட்டிக் கேமராவை வாங்கிவிட்டு ஒரு கிலோ லென்ஸை மாட்டினால் எல்லாம் வீண். எடை ஒளிந்திருப்பது லென்ஸில்.

சென்சார் சின்னதாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஓஎம்-5இன் சென்சார் முழு ஃபிரேமில் ஏறக்குறைய கால்வாசிப் பரப்பு. மங்கிய வெளிச்சத்தில் படத்தில் புள்ளி கூடும். ஆனால் 20 மெகாபிக்சல் படத்தை ஏ3 தாளில் கூர்மை கெடாமல் அச்சிடலாம். அதைவிடப் பெரிதாக வீட்டுச் சுவரில் மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்? மேலும் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி உள்ளேயே இருப்பதால், சோலைக்காட்டு ஓடையை அரை நொடி திறப்பிலும் ட்ரைபாட் இல்லாமல் எடுக்க முடிகிறது. ட்ரைபாட் வீட்டிலேயே இருக்கலாம். வால்பாறையில் உயர்ந்த மரத்தின் உச்சியில் இருக்கும் இருவாச்சியை நெருக்கத்தில் எடுக்க ஆசைப்படுகிறவருக்கு மட்டும் பெரிய லென்ஸைத் தவிர வேறு வழியில்லை. ஜீப் போகிற இடம் வரை அதைக் கொண்டுபோவதில் தவறுமில்லை.

செல்போன் போதாதா என்ற கேள்வி நியாயமானது. அகன்ற காட்சிக்கும் கூட வந்தவர்களின் முகத்துக்கும் தாராளமாகப் போதும். எதிர்ச்சரிவில் வரையாடு நின்றால் போதாது. ஜூம் செய்யச் செய்ய ஆடு திட்டுத் திட்டாகக் கலைந்துபோகும். அதைவிட முக்கியம், மலையில் வரைபடமும் டார்ச்சும் ஆபத்தில் கூப்பிடுவதற்கான வழியும் அந்த ஒரே பேட்டரியில்தான் ஓடுகின்றன. நாள் முழுக்கப் படம் எடுத்துத் தீர்த்துவிட்டு இருட்டில் இறங்குவது ஆபத்து. கேமரா தனியாக இருப்பது உயிருக்கும் பாதுகாப்பு.

பயன்படுத்தும் முறையும் எடையைப் பொறுத்தே அமைகிறது. வெள்ளியங்கிரி ஏறுகிறவரின் ஒரு கையில் அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி இருக்கும். படம் எடுக்க மிஞ்சுவது மறு கை. ஆகவே ஒற்றைக் கையால் ஆன் செய்து, ஒற்றைக் கையால் எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். கழுத்தில் தொங்கும் கேமரா குனியும்போதெல்லாம் பாறையில் மோதும். முதுகுப்பையின் தோள்வாரில் மாட்டும் கிளிப் வாங்கினால் நெஞ்சோடு ஒட்டி நிற்கும். மூடுபனியை எந்தக் கேமராவும் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டினால் வெண்மை திரும்பும். உபரி பேட்டரி சட்டையின் உட்பைக்குள் இருக்கட்டும், குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். 1953இல் எட்மண்ட் ஹிலாரியும் தன் கேமராவைக் குளிருக்குப் பயந்து உடுப்புக்குள் வைத்தே எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோனார்.

இந்த ஊர் ஈரத்தில் கேமராவுக்கு இன்னொரு எதிரி உண்டு: ஃபங்கஸ். கொடைக்கானல் குளிரிலிருந்து இறங்கி வத்தலக்குண்டில் டீக்கு நிற்கும்போது கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் பூக்கும். மலையிலேயே பிளாஸ்டிக் உறைக்குள் காற்றுப் புகாமல் மூடி, கீழே வந்து சூடு சமமான பிறகுதான் திறக்க வேண்டும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர், பணம் கொடுக்கும் முன் லென்ஸின் பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவது நல்லது.

வாங்கும் முன் ஒரு வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. பெரிய நகரங்களில் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு எல்லாம் பையில் போட்டு, சென்னைக்காரர் பரங்கிமலைப் படிகளையும், திருச்சிக்காரர் மலைக்கோட்டையையும், கோவைக்காரர் மருதமலையையும் இரண்டு முறை ஏறி இறங்கலாம். இரண்டாம் முறை ஏறும்போது கேமரா எத்தனை தடவை கைக்கு வந்தது என்று எண்ணிவிட்டு, கடைக்குப் போகலாம்.