வியட்னாம் கற்பித்த பாடம்

வியட்னாம் யுத்தம் அமெரிக்காவுக்கு நிதானத்தைக் கற்பித்தது என எழுதுவோர் பலர். அந்நாடு கற்றது போரைத் தவிர்க்கும் வித்தையா, போரைத் தன் மக்களின் கண்ணுக்கு மறைக்கும் வித்தையா என்பதே என் ஐயம்.

1964 ஆகஸ்டில் ரொன்கின் வளைகுடாத் தீர்மானத்தைச் செனற் சபையில் எதிர்த்தவர் இருவரே. பின்னர் 58,000 அமெரிக்கருக்கு மேல் மாண்டனர். வியட்னாமியரின் உயிரிழப்போ பத்து இலட்சத்தையும் கடந்தது. வீதிகளில் எழுந்த எதிர்ப்பு வீண்போகவில்லை. 1973 நவம்பரில், ஜனாதிபதி நிக்ஸனின் வீற்றோவையும் மீறி, காங்கிரஸ் யுத்த அதிகாரத் தீர்மானத்தை நிறைவேற்றியது. படையை மோதலில் இறக்கும் ஜனாதிபதி 48 மணித்தியாலத்துள் அறிவித்தல் வேண்டும். காங்கிரஸ் இசையாவிடின் 60 நாளில் நிறுத்துதல் வேண்டும்.

நல்ல சட்டந்தான். ஆனால் 2011இல் லிபியாவில் அறுபது நாள் கடந்தபோது ஒபாமா அரசாங்கம் சொன்னதென்ன? தரைப்படை இறங்கவில்லை, அமெரிக்க உயிர் போகவில்லை, ஆகவே இது சட்டம் கருதும் மோதல் அன்று என்பதே. கைதேர்ந்த அப்புக்காத்தும் சொல்லக் கூசும் வாதம்! அமெரிக்கக் குண்டுகள் அப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தன.

இதனினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது, அதே 1973இல் கட்டாய இராணுவ சேவை ஒழிந்தமை. இளைஞர் மகிழ்ந்தனர்; மகிழ்ந்தது நியாயமே. ஆயினும் வியட்னாம் யுத்தத்தை அத்தனை வீடுகள் வெறுத்தது ஏன்? தபாற்காரன் நாளை தம் வாசலிலும் அழைப்புக் கடிதத்தோடு நிற்கலாம் என்ற அச்சமன்றோ! (செல்வர் பிள்ளைகள் தப்புவதற்கு வழிகள் இருந்தன என்பதையும் மறந்துவிடவில்லை.) அவ்வச்சம் நீங்கவே, யுத்தம் தாமாக விரும்பிச் சேர்ந்தோரின் குடும்பத் துயரமாகச் சுருங்கிற்று. ஆப்கானிஸ்தான் யுத்தம் 2001 முதல் 2021 வரை இழுபட்டது. கட்டாய சேவை நிலைத்திருப்பின் மக்கள் இருபது ஆண்டு பொறுத்திருப்பர் என நான் நம்பமாட்டேன்.

தயக்கமே பிறக்கவில்லையா எனின், பிறந்தது. பிறந்த இடந்தான் பிழை. 1993இல் மொகடிஷுவில் நிகழ்ந்த ஒரு சண்டையில் 18 அமெரிக்கப் படைவீரர் இறந்தனர். மறு ஆண்டு றுவாண்டாவில் இலட்சக்கணக்கானோர் வெட்டுண்டு மடிந்தபோது வாஷிங்டன் அசையவில்லை. இனப்படுகொலை என்ற சொல்லை உச்சரிக்கவும் அதன் பேச்சாளர்கள் தயங்கினர்.