ஒப்பந்தம் இந்தியாவோடு, கவலை வன்னிக்கு

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் சாமான் வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவர் முதலாளியிடம் கேட்டார்: "இந்தியாவோட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வரப்போகுதாம் அண்ணை. அரிசி, மல்லி எல்லாம் விலை இறங்குமோ?"

முதலாளி சிரித்தார். "அரிசிக்கு இப்ப மட்டும் வரி கட்டுறனே தம்பி? கப்பல் கூலியும் கடை வாடகையும் இறங்கினா சொல்லு, நானும் இறக்கிறன்."

அவர் சொன்னது சரி. அரிசி, மிளகு, மல்லி போன்றவை பெரும்பாலும் வரியில்லாமலோ மிகச் சிறிய வரியோடோதான் இப்போதும் கனடாவுக்குள் வருகின்றன. ஒப்பந்தம் வந்தாலும் எங்கள் மளிகைச் செலவில் பெரிய மாற்றம் இருக்காது. அதற்காக, இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று விட்டுவிட முடியாது.

இந்தப் பேச்சுவார்த்தை 2010 இல் தொடங்கியது. இடையில் தேங்கி, 2022 இல் மீண்டும் ஆரம்பித்து, 2023 செப்டெம்பரில் நின்றது. அதே மாதம் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொலை விவகாரம் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் வெடித்தது. 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பேர்க் ஜி-20 மாநாட்டில் சந்தித்த மார்க் கார்னியும் நரேந்திர மோடியும் பேச்சை மீண்டும் தொடங்க உடன்பட்டார்கள். 2030க்குள் இருதரப்பு வர்த்தகத்தை 70 பில்லியன் டொலராக்குவது இலக்கு. இப்போது இருப்பதை விட இது இரண்டு மடங்குக்கும் மேல். அவசரத்துக்குக் காரணம் வாஷிங்டன். கனடாவின் ஏற்றுமதியில் நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தியப் பொருட்களுக்கும் 2025 ஓகஸ்ட்டில் 50 வீத வரி விழுந்தது. இரண்டு பேருக்கும் புதுச் சந்தை வேண்டும்.

உண்மையில் மாற்றம் வரக்கூடிய இடம் உடுப்பு. ஆயத்த ஆடைகளுக்குக் கனடா 18 வீதம் வரை தீர்வை அறவிடுகிறது. அது நீங்கினால் திருப்பூருக்குப் பெரிய வாசல் திறக்கும். அங்கே ஒரு தையல் தொழிலாளிக்கு வேலை நிலைத்தால் எங்களுக்கும் சந்தோசம்தான்.

ஆனால் வரி நீங்குவது இந்தியாவுக்கு மட்டும். இலங்கைக்குக் கனடாவோடு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. யுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் எங்கள் பெண் பிள்ளைகள். குடும்பத்தையே அந்தச் சம்பளத்தில் கொண்டு நடத்துபவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஒரே மாதிரியான ரீசேட்டில் ஒன்றுக்கு வரியில்லை, மற்றதுக்கு வரி என்றால் கனேடிய நிறுவனம் எங்கே ஓடர் கொடுக்கும்? டெல்லியும் ஒட்டாவாவும் மேசையில் இருந்து பேசும்போது கிளிநொச்சியை யார் நினைப்பார்கள்?

ஒப்பந்தங்களின் சின்ன எழுத்து என்ன செய்யும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் கைச்சாத்திட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை ஆடைகளுக்குச் சலுகை உண்டு என்றார்கள். உள்ளே பார்த்தால், வருடத்துக்கு 80 இலட்சம் உருப்படிகள்தான். அதிலும் 60 இலட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்கவேண்டும். சில துறைமுகங்களுக்கூடாக மட்டுமே இறக்கலாம் என்றும் ஒரு கட்டு. பிறகு சில நிபந்தனைகள் தளர்ந்தன, ஆனால் ஆரம்ப வருடங்கள் அப்படியே போயின.

அதனால் நாங்கள் இரண்டு விடயங்களைக் கேட்கவேண்டும். முதலாவது, பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று நிரூபிக்கும் பத்திர வேலை சின்ன இறக்குமதியாளருக்கும் இலகுவாக இருக்கவேண்டும். பெரிய கொம்பனிக்கு அதுக்கென்றே ஆட்கள் இருப்பார்கள். மார்க்கம் வீதியில் கடை வைத்திருப்பவர் இரவு பத்து மணிக்குக் கடை பூட்டிவிட்டுத்தான் படிவம் நிரப்புவார். சிக்கலாக இருந்தால் பேசாமல் வரியைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாவது, வன்னிக்கு ஒரு வழி. மனித உரிமை, தொழிலாளர் உரிமைகளை மதிக்கும் வளர்முக நாடுகளுக்குக் கூடுதல் வரிச்சலுகை கொடுக்கும் ஏற்பாட்டுக்கு 2023 இல் கனடா தன் சட்டத்தில் இடம் வைத்தது. அதை இலங்கை ஆடைகளுக்கு நிபந்தனையோடு திறக்கச் சொல்லிக் கேட்கலாம்.

"கொழும்புக்கு ஏன் சலுகை?" என்று சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சலுகை கொடுத்தால்தான் அதைத் திரும்ப எடுப்பேன் என்று சொல்லவும் முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையை நிறுத்தி, 2017 இல்தான் திரும்பக் கொடுத்தது. இன்றுவரை கொழும்பு அந்தச் சலுகையைப் பற்றிப் பயந்து பேசுகிறது. கனடாவின் கையில் அப்படி ஒரு பிடி இல்லை.

கனடா அரசு இப்படியான ஒப்பந்தங்களுக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். விவசாய அமைப்புகளும் வர்த்தக சங்கங்களும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பும். எங்கள் சங்கங்களில் எத்தனை எழுதும்? அமைச்சரவையில் ஹரி ஆனந்தசங்கரியும் அனிதா ஆனந்தும் இருக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட்டால் மட்டும் காணாது, அவர்களின் மேசைக்கு ஒரு கடிதமாவது போகவேண்டும்.

இங்கே படித்து சட்டத்திலும் வர்த்தகத்திலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. நாலு பக்கம் போதும். கடைக்காரரிடம் கேளுங்கோ, கிளிநொச்சியில் இருக்கும் மச்சாளிடம் போன் எடுத்துக் கேளுங்கோ, அவர்கள் சொல்வதை எழுதுங்கோ. ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு எழுதிப் பயனில்லை.